பாடம் எது, பழக்கம் எது?

புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கும் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும்

தம்பிகளே, தங்கைகளே,

இந்த ஜூன் மாதம் நீங்கள் பொறுப்பேற்கும் வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும். ஒரு பிள்ளையால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. ஒரு பிள்ளைக்கு உங்கள் குரல் கேட்காது. இன்னொரு பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வீட்டில் இருக்கும். இவர்களைப் பற்றிப் பி.எட். படிப்பில் ஒரு தாள் எழுதித் தேறியிருப்பீர்கள். முதல் வாரமே அந்தத் தாள் போதாது என்று தெரிந்துவிடும். அப்போது கைகொடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பணிக்காலம் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். ஒவ்வொரு வகுப்பிலும் பாடம் என்று ஒன்று இருக்கிறது. அதை நடத்திப் பழகிய முறை என்று இன்னொன்று இருக்கிறது. பிள்ளைகள் பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்பது இரண்டாவதில். முதலாவதை விட்டுக்கொடுக்காமல் இரண்டாவதை மாற்றத் தெரிந்தவரே நல்ல ஆசிரியர். கீழே உள்ளவை எல்லாம் இதிலிருந்து பிறந்தவை.

1. பாடம் நடத்தும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்

நாளை ஐந்தாம் வகுப்பில் ஆறுகளைப் பற்றி நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காவிரி எங்கே பிறக்கிறது, தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடிக் கடலில் சேர்கிறது, அணை எதற்குக் கட்டுகிறோம் என்பவை பாடம். பலகையில் உள்ளதைப் பத்து நிமிடத்துக்குள் நோட்டில் எழுதி முடிப்பது, எழுந்து நின்று சத்தமாக வாசிப்பது, கோடிட்ட இடத்தை நிரப்புவது ஆகியவை பழக்கம். எழுதத் திணறும் பிள்ளை வாயால் சொல்லட்டும். பேச வராத பிள்ளை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டட்டும். உட்கார முடியாத பிள்ளை முற்றத்து மணலில் ஆற்றின் போக்கை வரைந்து அதன் மேல் நடந்து காட்டட்டும். மூவருக்கும் ஆறு தெரிந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதுதானே?

கையெழுத்தே பாடமாக இருக்கும் நாளில் கையெழுத்தைக் கேளுங்கள். அன்று அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள், தடித்த பென்சில் கொடுங்கள், அகலக் கோடு போட்ட தாள் கொடுங்கள். எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "இவனுக்கு இது வேண்டாம், படம் வரையட்டும்" என்று ஓரத்தில் உட்கார வைப்பது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பாடத்தை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

ஒரே வகுப்பில் பல வேகங்கள் இருப்பது நம் பள்ளிகளுக்குப் புதிதில்லை. செயல்வழிக் கற்றல் இருந்த காலத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் வேகத்தில் படித்தது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறோம். அதே கண்ணோடு இன்னும் கொஞ்சம் தூரம் போகச் சொல்கிறேன், அவ்வளவே.

2. பெயர் வைக்கும் முன் கவனியுங்கள்

"இவன் மந்தம்", "இவள் திமிர் பிடித்தவள்", "இது ஆட்டிசம் கேஸ்" என்று ஆசிரியர் அறையில் சுலபமாகப் பெயர் விழுந்துவிடும். அந்தப் பெயர் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கும் போய்ச் சேரும். நீங்கள் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொண்டு கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். "கணக்கில் பின்தங்கியவள்" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "வாய்க்கணக்கு சரியாகச் சொல்கிறாள், பலகையைப் பார்த்து எழுதும்போது எண்கள் மாறுகின்றன, முன் வரிசையில் உட்கார வைத்த அன்று மாறவில்லை" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வதென்று அந்த வரியே சொல்லிவிடும்.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பலகை தெரியாத பிள்ளையும், காதில் சீழ் வடிந்து பாதி கேட்காத பிள்ளையும் ஆண்டுக்கணக்கில் கவனமில்லாதவர்கள் என்று திட்டு வாங்கியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் உங்கள் நோட்டைக் காட்டுங்கள். கற்றல் குறைபாடா, அறிவுசார் குறைபாடா என்று முடிவு செய்வது அதற்கென்று படித்தவர்களின் வேலை. நாள்தோறும் பார்த்ததை அவர்களிடம் சரியாகச் சொல்வது உங்கள் வேலை. அந்த விவரம் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

3. தமிழ் எழுத்தில் எங்கே தடுக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஸ்லெக்சியா பற்றி நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான நூல்கள் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் பி, டி எழுத்துகளை மாற்றிப் போடுவதைப் பற்றி அவற்றில் நிறைய இருக்கும். நம் பிள்ளை தடுமாறும் இடங்கள் வேறு. அவற்றை நாம்தான் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"கெ" என்று சொல்லிப் பாருங்கள். காதில் முதலில் விழுவது ககர ஒலி. கை முதலில் எழுத வேண்டியதோ ஒற்றைக்கொம்பு. "கொ" என்றால் ஒலி ஒன்று, எழுதுவது மூன்று துண்டு: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் துணைக்கால். கேட்ட வரிசையும் எழுதும் வரிசையும் பொருந்தாத இந்த இடத்தில்தான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். கு, சு, து, மு நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். உகரக் குறி நான்கிலும் நான்கு விதம். துணைக்காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம். கௌ என்பதன் பின்பாதி ளகரம் போலவே இருக்கும். இரண்டு சுழி, மூன்று சுழி என்று நாம் ஓட்டிச் சொல்லும் ன, ண வேறுபாடு உருவங்களை எண்ணிப் பார்க்க முடியாத கண்ணுக்குப் பெரிய வேலை. கடல், தங்கம், அகம் மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி மூன்று.

இதற்கெல்லாம் உயிர்மெய் அட்டவணையைப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்வது மருந்தாகாது. 247 எழுத்துகளையும் ஒரே அட்டவணையாகக் காட்டாதீர்கள். ஒரு நாளில் ஒரு குறியை எடுத்துக்கொண்டு, அது ஏறும் எழுத்துகளை மட்டும் காட்டுங்கள். உருவம் ஒத்த இரண்டு எழுத்துகளை ஒரே வாரத்தில் அறிமுகம் செய்ய வேண்டாம். மணல் தட்டில் விரலால் எழுதட்டும். எழுதும்போதே ஒலியைச் சொல்லட்டும். கண், காது, விரல் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்போது எழுத்து மனத்தில் தங்குகிறது. கொம்புகளைத் தனி நிற அட்டையில் வெட்டி வைத்து, முன்னால் கொண்டுபோய் ஒட்டச் செய்யுங்கள்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவையும் மறக்காதீர்கள். வீட்டில் "மழ பெஞ்சுச்சு" என்று சொல்லும் பிள்ளை நோட்டிலும் அப்படியே எழுதினால், அது கேட்ட ஒலியைச் சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அதை முதலில் பாராட்டுங்கள். பிறகு பக்கத்தில் "மழை பெய்தது" என்று எழுதிக் காட்டுங்கள். முன்னறிவிப்பின்றி எழுப்பி விட்டு வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். வாசிக்க வேண்டிய பத்தியை முந்தின நாளே கொடுத்து அனுப்புங்கள்.

சென்னையில் 1991 முதல் இயங்கி வரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

4. எழுதும்போதே சொல்லுங்கள், பேசும்போது முகம் காட்டுங்கள்

பார்வையற்ற பிள்ளை இருக்கும் வகுப்பில் "இதையும் அதையும் கூட்டினால் இது வரும்" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. "எட்டையும் ஐந்தையும் கூட்டினால் பதின்மூன்று" என்று சொல்லுங்கள். "இங்கே பாருங்கள்" என்பதற்குப் பதில் "முக்கோணத்தின் மேல் முனையில்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லப் பழகிய பிறகு கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கும் பாடம் நன்றாகப் புரிவதை நீங்களே காண்பீர்கள்.

பிரெய்ல் பழையது, இப்போது செல்போன் படித்துக் காட்டிவிடுகிறதே என்று சொல்வார்கள். செல்போனும் வேண்டும், என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளும் வேண்டும். ஆனால் காதால் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு லகர ளகர வேறுபாடு எப்படித் தெரியும்? விரலால் தொட்டுப் படித்தால்தான் எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வரும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. ஆறு புள்ளிகள்தாம். அதில் மெய் முதலில், உயிர் அடுத்து என்று ஒலிக்கிற வரிசையிலேயே எழுதுவார்கள். மேலே சொன்ன கொம்புச் சிக்கல் அங்கே கிடையாது. நீங்களும் ஒரு விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம்.

காது கேளாத பிள்ளைக்கு உங்கள் முகம் வேண்டும். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் பின்னால் வரும் வெளிச்சத்தில் உங்கள் வாய் தெரியாது. காதொலிக் கருவி மாட்டியாயிற்று, இனி எல்லாம் கேட்கும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவது போல, கருவி மாட்டியதும் பேச்சு தெளிந்துவிடாது. இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். சைகை மொழி முழுமையான ஒரு மொழி. அந்தப் பிள்ளையோடு நீங்கள் சைகையில் பேசினால் போதாது, வகுப்பு முழுவதும் பேச வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் அதை நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வார்கள். பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் தனித்தனியே பள்ளிகள் தொடங்கப்பட்டன. அப்படிப்பட்ட சிறப்புப் பள்ளிகளின் அனுபவத்தை ஒதுக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஒலி, ஒளி, திடீர் மாற்றம் இவற்றைக் கவனியுங்கள்

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு நாம் பொருட்படுத்தாத ஒலி வலியாக இருக்கும். மணி அடிப்பது, மதிய உணவு நேரத்தில் எவர்சில்வர் தட்டுகள் மோதுவது, மின்விசிறியின் கடகடப்பு, ஆண்டு விழா ஒலிபெருக்கி. காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளை உங்களை எதிர்த்துக் கத்தவில்லை. முதலில் ஒலியைக் குறையுங்கள் அல்லது பிள்ளையை அமைதியான இடத்துக்கு அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் அறிவுரை சொல்லாதீர்கள், குறைவாகப் பேசுங்கள். சாப்பாட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னால் அனுப்பினால் நெரிசல் இல்லாமல் உண்டு வரும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்று என்னென்ன நடக்கும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடட்டும். விளையாட்டு வகுப்பு ரத்து என்றால் காலையிலேயே சொல்லி, அந்தப் படத்தை மாற்றி வையுங்கள்.

பேச்சில் நேராக இருங்கள். "காது கொடுத்துக் கேள்" என்றால் காதைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளையும் இருக்கிறது. "கணக்குப் புத்தகத்தை எடு. பதினாறாம் பக்கம் திற" என்று சொன்னால் செய்யும். ஒரு வாக்கியம், ஒரு வேலை. "என் கண்ணைப் பார்த்துப் பேசு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். கண்ணைப் பார்த்தால் கேட்க முடியாத பிள்ளைகள் உண்டு. கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் அந்தப் பிள்ளை தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. யாருக்கும் காயம் ஏற்படாதவரை அதைத் தடுக்காதீர்கள்.

6. அசையும் பிள்ளைக்கு அசைய இடம் கொடுங்கள்

கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைக்கு நாற்பது நிமிடப் பாடத்தை நான்கு துண்டாக்குங்கள். இடையில் நோட்டுகளைக் கொடுத்து வரட்டும், பலகையைத் துடைக்கட்டும், நின்றுகொண்டே எழுதட்டும். ஒரு பக்கத்தில் பத்துக் கணக்கு இருந்தால் கீழ்ப்பாதியை ஒரு தாளால் மூடிக் கொடுங்கள். தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவது அதுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்தக் குறைபாடு தனியாக இடம்பெறவில்லை. இது மட்டுமே உள்ள பிள்ளை சான்றிதழுக்காக அலைந்து வெறுங்கையோடு திரும்பலாம். உங்கள் வகுப்பில் எழுந்து நடக்க அனுமதி கொடுக்கச் சான்றிதழ் எதற்கு?

7. கட்டடத்தை அளந்து பாருங்கள்

பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வகுப்பறைக்குள் வர முடியாதவருக்கு அது கிடைக்காது. சாய்தளம் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் அளந்து பாருங்கள். விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு. தரையிலிருந்து வகுப்பறை ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் குறைந்தது பதினெட்டு அடி நீளம் இருக்க வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிட்டால் அதில் சக்கர நாற்காலி ஏறாது, ஏற்றினால் சரியும். கணக்கு வகுப்பில் பிள்ளைகளையே அளக்கச் சொல்லி, அந்த அளவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள்.

கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். கதவு அகலமா, பிடிமானக் கம்பி இருக்கிறதா, உள்ளே நாற்காலி திரும்புமா? கழிப்பறைக்குப் போக முடியாத பெண் பிள்ளைகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். கேட்டால் தாகமில்லை என்பார்கள். வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டே நின்றுவிடுவார்கள்.

காசு செலவில்லாத மாற்றமும் உண்டு. பத்தாம் வகுப்பு எப்போதும் மாடியில்தான் என்று ஒரு பள்ளியில் வழக்கம் இருக்கும். நடக்க முடியாத மாணவி பத்தாம் வகுப்புக்கு வரும் ஆண்டில் அந்த வகுப்பைக் கீழே கொண்டு வாருங்கள்.

8. சட்டத்தைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்

2009-இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2012-இல் செய்த திருத்தம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைத் தெளிவாக அதற்குள் கொண்டுவந்தது. கடுமையான அல்லது பல குறைபாடுகள் உள்ள பிள்ளைகள் விரும்பினால் வீட்டில் இருந்தே கற்கலாம் என்றும் அது சொல்கிறது. விரும்பினால் என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. "வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடப் பள்ளிக்குக் கொடுத்த அனுமதி இல்லை அது.

2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு பள்ளியின் கடமைகளை வரிசையாகச் சொல்கிறது: பாகுபாடின்றிச் சேர்ப்பது, கட்டடத்தை ஏற்றதாக்குவது, ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் நியாயமான ஏற்பாட்டைச் செய்வது, கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிவது. 31-ஆம் பிரிவின்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவது 92-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். தலைமையாசிரியரிடம் பேசும்போது கோபத்தோடு போகாதீர்கள், பிரிவு எண்ணோடு போங்கள்.

9. தேர்வுக்கு ஓராண்டு முன்பே தயாராகுங்கள்

தமிழ்நாட்டில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் குறைபாட்டின் தன்மைக்கேற்பச் சலுகைகள் உண்டு: சொல்வதை எழுதும் எழுத்தர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் நாள் கடந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

40 சதவீதத்துக்குக் குறைவு என்பதால் எழுத்தர் கிடையாது என்று யாராவது சொன்னால், 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நினைவூட்டுங்கள். எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடு கொண்ட ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்காகத் தொடுத்த வழக்கு அது. எழுத்தரைப் பெறும் உரிமையை அந்தச் சதவீதத்துக்குள் அடைத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

எழுத்தர் கிடைத்தால் மட்டும் போதாது. சொல்லி எழுத வைப்பது ஒரு தனித் திறமை. எங்கே நிறுத்துவது, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வது எப்படி, வரைபடத்தை வார்த்தையில் விளக்குவது எப்படி என்று பருவத் தேர்வுகளிலேயே பழக்குங்கள். விலக்குக் கிடைத்த மொழியையும் தொடர்ந்து கற்பியுங்கள். விலக்கு தேர்வுக்குத்தான், பிள்ளைக்கு அந்த மொழி வாழ்நாள் முழுவதும் வேண்டியிருக்கும்.

10. பெற்றோரிடம் பிள்ளையால் முடிவதிலிருந்து தொடங்குங்கள்

பள்ளிக்கு வரும் அந்தத் தாய் அதற்கு முன்பே நிறையக் கேட்டு முடித்திருப்பார். உறவினர் அவரைக் குறை சொல்லியிருப்பார்கள். யாரோ தோஷம் என்றிருப்பார்கள். இன்னொருவர் முற்றிலும் குணப்படுத்துவதாகப் பணம் வாங்கியிருப்பார். நீங்கள் எழுந்து "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லுங்கள். "உங்க பொண்ணு இன்னிக்குச் சந்தைக் கணக்கு எல்லாம் மனசுலயே போட்டுச் சொன்னா" என்று நடந்ததைச் சொல்லித் தொடங்குங்கள். பிறகு சிரமத்தைச் சொல்லுங்கள். கடைசியில் கேளுங்கள்: "வீட்டுல இவ அழுதா நீங்க என்ன பண்ணுவீங்க?" பத்து ஆண்டு வளர்த்தவருக்குத் தெரிந்தது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது. தந்தையையும் வரச் சொல்லுங்கள். சுமை ஒருவர் தோளிலேயே தங்கிவிடக் கூடாது.

தேசிய அடையாள அட்டை, உதவித்தொகை, பயணச் சலுகை இவற்றுக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் கூட அமர்ந்து நிரப்புங்கள்.

11. வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் ஒரே கணக்கில் சேருங்கள்

சிறப்புப் பயிற்றுநர் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போய்வருபவர். அவர் வராத நாட்களில் பிள்ளை யாருடையது? வகுப்பாசிரியருடையதுதான். அடுத்த வாரம் என்ன பாடம் என்று வகுப்பாசிரியர் அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கேற்ற அட்டையும் உருவமும் செய்து அவர் கொண்டு வர வேண்டும். சிறப்புப் பயிற்றுநர்களுக்கு ஒரு வார்த்தை: ஓவியம், பாட்டு, விளையாட்டு நேரங்களில் பிள்ளையைத் தனியே கூட்டிப் போகாதீர்கள். தோழர்களோடு சமமாக இருக்கும் நேரம் அதுதான்.

வீட்டில் இருந்து கற்கும் பிள்ளையை வகுப்பு மறந்துவிடக் கூடாது. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் அழைத்து வர ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய்வாருங்கள்.

மற்ற பிள்ளைகளிடம் பாவம், இரக்கம் என்று பேசாதீர்கள். ஒருவரையே உதவியாளராக நிரந்தரமாக்காமல் முறைவைத்து மாற்றுங்கள். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையும் பிறருக்கு உதவ முறை வரட்டும். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதை ஆசிரியர் அறையில் முதலில் நிறுத்துங்கள். வகுப்பில் தானாகக் குறையும்.

12. பள்ளிக்குப் பிறகு வரும் வாழ்க்கையை மனத்தில் வைத்துக் கற்பியுங்கள்

பதினெட்டு வயதோடு இவர்கள் பயணம் முடிவதில்லை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் அரசு வேலையில் 4 சதவீத இடமும் இவர்களுக்கெனச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில் அறிவியல் சொல்லிக் கொடுக்காமல் விட்ட பிள்ளைக்கு அந்த இடம் இருந்தும் என்ன பயன்? தொழிற்பயிற்சி நிலையத்தில் கற்பிக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டும் வேலையைப் பத்துப் புகைப்படங்களாக எடுத்துப் பட்டறைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்து அங்கேயே மாட்டச் செய்யுங்கள். வாயால் ஒரே மூச்சில் சொன்ன பத்துக் கட்டளைகளை நினைவில் வைக்க முடியாத இளைஞன், படத்தைப் பார்த்துப் பிசகில்லாமல் செய்வான். மோட்டார் ஓட வேண்டும், அதுவே பாடம்.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்கு ஒரு முறை போய்வாருங்கள். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று எத்தனையோ கிராமங்களின் பிள்ளைகளுக்கு அந்த இடம் பயன்படுகிறது. மாற்றுத்திறனாளி என்றால் பெற்றுக்கொள்பவர் மட்டுமே என்ற நினைப்பு அங்கே போய்வந்தவர்களுக்கு மீண்டும் வராது. நம் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் நாளைய ஆசிரியரும் மெக்கானிக்கும் நிறுவனம் கட்டி எழுப்புபவரும் இருக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்போடு கற்பியுங்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்துவிட முடியாது. நாளைக்கு நடத்தப் போகும் பாடத்தின் குறிப்பேட்டை எடுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் பிள்ளைகள் கற்க வேண்டியதை எழுதுங்கள். வலப்பக்கம் அதை நடத்தும் முறையை எழுதுங்கள். உங்கள் வகுப்பில் அதிகம் சிரமப்படும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு வலப்பக்கத்தில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். இடப்பக்கத்தில் ஒரு வரியையும் அடிக்காதீர்கள். அடுத்த நாள் இன்னொன்றை மாற்றுங்கள். இந்த வேலையை விடாமல் செய்யுங்கள். ஆண்டின் முடிவில் அந்த ஒரு பிள்ளை மட்டுமன்றி வகுப்பே முன்னேறியிருக்கும்.